இலையைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளரி, தடியங்காய், மத்தன் பயிரில் பூஞ்சை நோய்க்கு அறிகுறிவாரியாக வழி

குமரி மாவட்டத்தில், கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுத்த வயலைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து, தை மாதத்தில் வெள்ளரியும் தடியங்காயும் (நீர்ப்பூசணி) மத்தனும் (பரங்கி) போடுவது என் வழக்கம். சித்திரை விஷுவுக்குக் கணி காண வைக்கும் வெள்ளரியைப் பறிக்கும்வரை பத்து வாரம் அந்த வயலோடுதான் என் பொழுது போகும். அக்கம்பக்கத்தில் கொடி வாடினாலும் இலை பழுத்தாலும் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதுகிறேன்.

படிக்கும் முன் நான்கு பொருளை எடுத்துவையுங்கள்: பிளேடு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர், மண்வெட்டி, ஒரு பூதக்கண்ணாடி. பார்க்கப் போகும் நேரம் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் இருக்கட்டும், பனி உலர்ந்துவிட்டால் பாதிச் சாட்சி போய்விடும். மருந்து அளவுகள் எல்லாம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டப்பாவின் லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிளையே பின்பற்றுங்கள்.

அறிகுறி 1: முளைத்த நாற்று தரையோடு சாய்கிறது

சாய்ந்த நாற்றைப் பிடுங்கித் தண்டின் அடியைப் பாருங்கள்.

*கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால்:* வெட்டுப்புழு அல்லது பாச்சை. மண்ணை இரண்டு விரல் ஆழம் கிளறினால் ஆளே கையில் சிக்கும். பூஞ்சை மருந்துக்கு இங்கே வேலை இல்லை.

*விதையிலை சல்லடையாக இருந்தால்:* செம்பூசணி வண்டு. அதிகாலையில் வண்டு மந்தமாக இருக்கும், கையால் பொறுக்கிவிடலாம்.

*தண்டு நீர் கோத்து, நூல்போல் இறுகி மடிந்திருந்தால்:* நாற்றழுகல். இதற்கு முதல் காரணம் தண்ணீர். இரண்டு நாள் நீரை நிறுத்துங்கள், தடத்தில் (கொடி நட்ட குழியில்) தேங்கியதை வடித்துவிடுங்கள். நான் பார்த்தவற்றில் பாதி இதோடு நின்றுவிட்டது. நிற்காவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராம் கலந்து வேர்ப் பகுதியில் ஊற்றலாம். செத்த இடத்தில் மறுவிதை ஊன்றுமுன் விதையை டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் வீதம் புரட்டிக்கொள்ளுங்கள். விதையைக் கார்பென்டசிம் என்ற பூஞ்சை மருந்தில் புரட்டி, அதன்மேல் டிரைக்கோடெர்மாவையும் தூவுகிறவர்கள் உண்டு. நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே கொல்கிறோம்.

அறிகுறி 2: இலையின் மேல் மஞ்சள் புள்ளி

அதிகம் பணம் வீணாவது இந்த இடத்தில். அதற்குத் தமிழும் ஒரு காரணம். இரண்டு நோய்க்குச் ‘சாம்பல்’ என்று பெயர் வைத்துவிட்டோம். ஒன்று சாம்பல் நோய், மற்றது அடிச்சாம்பல் நோய். பெயரில் அண்ணன் தம்பி, பிழைப்பில் முழு அந்நியர்கள். ஒன்றுக்குக் கேட்கும் மருந்து பெரும்பாலும் மற்றதற்குக் கேட்காது.

முதன்முதலில் வெள்ளரி போட்ட ஆண்டு நானும் இதில் மாட்டினேன். மாசி மாதம், காலையில் கடும் பனி. இலையில் மஞ்சள் கட்டம் கட்டமாக விழுந்தது. மருந்துக் கடைக்குப் போய், “சாம்பல் விழுந்திருக்கிறது அண்ணாச்சி” என்றேன். அவர் இலையைக் கேட்கவில்லை, நானும் கொண்டுபோகவில்லை. நனையும் கந்தகம் கொடுத்தார். ஒரு வாரத்தில் இரண்டு முறை அடித்தேன். பத்தாம் நாள் வயல் வாழைச் சருகு நிறத்துக்கு மாறியிருந்தது. கந்தகம் நல்ல மருந்துதான், ஆனால் அது வேறு நோய்க்கு உரியது. வெயிலில் அடித்ததால் மிச்சமிருந்த பச்சை இலையும் ஓரம் கருகியது.

ஆகையால் முதலில் இலையைத் திருப்புங்கள்.

*திருப்பினால் புள்ளிக்கு நேர் கீழே சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய படலம்:* அடிச்சாம்பல். வெள்ளரி இலையில் மேற்புறப் புள்ளி நரம்புகளுக்குள் அடங்கி, வேட்டிக் கட்டம்போல் கோணம் கோணமாக நிற்கும். தர்ப்பூசணி இலையில் அந்தக் கோண வடிவம் தெளிவாக வராது.

*புள்ளி கோணமாக இருக்கிறது, படலம் தெரியவில்லை:* நேரம் கழித்துப் பார்த்திருப்பீர்கள். சந்தேக இலை இரண்டைப் பறித்து, நனைத்துப் பிழிந்த துணியோடு பாலித்தீன் பையில் கட்டி, இருட்டு மூலையில் ஒரு இரவு வையுங்கள். அடிச்சாம்பலானால் பெரும்பாலும் காலையில் படலம் பூத்திருக்கும். பூக்கவில்லை, புள்ளி காய்ந்து உதிர்ந்து ஓட்டை விழுகிறது, அடியில் வெண்மையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். இலையோடு தோட்டக்கலை அலுவலரிடம் போங்கள்.

*புள்ளி வட்டமாக, பழுப்பாக, நரம்பைத் தாண்டி விரிந்து நடுவில் கிழிகிறது:* அறிகுறி 4-க்குப் போங்கள்.

*இலை முழுவதும் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகி, சுருங்கி, நுனி வளராமல் நிற்கிறது:* தேமல், அதாவது வைரஸ். எந்தப் பூஞ்சை மருந்தும் கேட்காது. முதலில் வந்த நான்கைந்து கொடியைப் பிடுங்கி அகற்றி, அதைப் பரப்பும் அசுவினி, வெள்ளை ஈ பக்கம் கவனத்தைத் திருப்புங்கள்.

*அடியிலுள்ள முதிர்ந்த இலை மட்டும் சீராக மஞ்சளாகிறது:* வயது, அல்லது உரக்குறை. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

அடிச்சாம்பல்தான் என்று உறுதியானால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் தண்ணீர் விடும் நேரம். மாலையில் வாளியால் கொடிமேல் வீசி ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலை ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் இந்த நோய்க்குப் போதும். மாலை நனைத்தால் இரவு முழுவதும் அதற்கு விருந்து. காலையில், தடத்தில் மட்டும் விடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கம் இலை சீக்கிரம் உலர்ந்துவிடும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பருக்கும் தென்னைக்கும் இடையே போட்டிருப்பவர்களுக்கு ஒன்பது மணிக்கும் இலை ஈரமாகவே இருக்கும். அங்கே இடைவெளியைக் கூட்டிப் பந்தலில் ஏற்றுவதுதான் பெரிய மருந்து.

அடுத்தது, நோய் விழுந்த அடி இலைகளைக் கிள்ளுவது. இலை காய்ந்தபிறகு கிள்ளுங்கள், ஈரத்தில் வயலுக்குள் நடந்தால் நாமே பரப்புகிறோம்.

பத்தில் ஒரு இலைக்கும் குறைவாக இருக்கும்போதே மான்கோசெப் 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. இது காப்பு மருந்து, புள்ளி விழாத இலையைக் காக்கும், விழுந்ததை ஆற்றாது. இலையின் அடிப்புறம் நனையாவிட்டால் அடித்தும் அடிக்காததுபோல்தான். நாசிலை மேல்நோக்கித் திருப்பி, கொடிக்குக் கீழிருந்து அடியுங்கள். முதுகு வலிக்கும், வேறு வழி இல்லை.

பரவிவிட்டது, மழையும் விடவில்லை என்றால் மெட்டலாக்சில்–மான்கோசெப் கலவை 2 கிராம். ஒரு பயிரில் இரண்டு முறைக்கு மேல் இதைத் தொடாதீர்கள். இந்த நோய்க்கிருமி மெட்டலாக்சிலுக்குப் பழகிவிடும் என்பது உலகம் முழுவதும் கண்டது. கார்பென்டசிம் இந்த நோய்க்கு அறவே பயன்படாது, விலை குறைவு என்று வாங்கிவராதீர்கள்.

ஒன்றுவிட்ட நாள் காய் பறிக்கும் வெள்ளரியில், மருந்தின் வீரியத்தைவிட லேபிளில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாளைத்தான் (அடித்தபின் காய் பறிக்கும்வரை பொறுக்கவேண்டிய நாள்) முதலில் பார்ப்பேன். நம் வீட்டுப் பிள்ளைகளும் கழுவாமல் கடிக்கிற காய் அது. மேலும், காய்ப்பு முடியும் தறுவாயில் இந்த நோய் வந்தால் மருந்துச் செலவே செய்யமாட்டேன். இருக்கிற காயைப் பறித்துக்கொண்டு கொடியை அகற்றிவிடுவேன்.

அறிகுறி 3: இலைமேல் வெள்ளை

விரலால் அழுத்தித் தேயுங்கள்.

*விரலில் மாவு ஒட்டுகிறது:* சாம்பல் நோய், உண்மையான சாம்பல் இதுதான். இதற்கு இலை நனையவேண்டிய அவசியம் இல்லை. மழை விட்டு, நெருக்கமான கொடிக்குள் வெளிச்சம் குறைந்து, காற்று முட்டும்போது வரும். பலத்த மழை பெய்தால் அதுவே அடங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

*எதுவும் ஒட்டவில்லை, நரம்போரம் வெள்ளித் திட்டு மட்டும்:* மத்தன் இலையில் சில ரகத்துக்கு அது பிறவிக் குணம். ஒரு முறை பக்கத்து விளைக்காரர் (விளை என்பது மேட்டுத் தோட்ட நிலம்) பதற்றத்தோடு கூப்பிட்டு, ஒரு மத்தன் வயல் முழுவதையும் காட்டினார். தேய்த்துப் பார்த்துவிட்டு விதைப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். படத்திலிருந்த இலையிலும் அதே வெள்ளித் திட்டு. இலை முழுக்க வெள்ளி பூசியதுபோல் இருந்தால் அடியில் வெள்ளை ஈயைத் தேடுங்கள்.

சாம்பல் நோய்தான் என்றால்: முதலில் நெருக்கத்தைக் குறையுங்கள், முதிர்ந்த அடி இலைகளைக் கழியுங்கள். வீட்டு மட்டத்தில் நாலு தடம் என்றால், ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை வெயில் நேரத்தில் தெளித்துப் பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஆரம்பத்திலேயே தொடங்கினால் கேட்கிறது. நாற்பது சென்ட்டுக்குப் பால் வாங்கக் கட்டாது. அங்கே நனையும் கந்தகம் 2 கிராம், மாலையில் மட்டும். இந்தக் குடும்பத்துப் பயிர்கள் கந்தகத்துக்குக் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். முந்தைய இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெய் அடித்திருந்தாலும் கந்தகம் வேண்டாம். முதலில் இரண்டு கொடியில் அடித்து, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அசாக்ஸிஸ்ட்ரோபின் 1 மில்லி. நான் இங்கே சொன்னவற்றில் இது ஒன்றுதான் இரண்டு ‘சாம்பலுக்கும்’ ஆகும் மருந்து. விலை அதிகம், அடிக்கடி அடித்தால் கிருமி இதற்கும் பழகும்.

பழைய கையேடுகளில் இந்த நோய்க்கு டைனோகேப் என்று இருக்கும். அது 2023-இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய டப்பாவைத் தூசு தட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அறிகுறி 4: பழுப்பு வட்டம், நடுவில் ஓட்டை, காயில் குழிந்த வடு

இலைவட்டம் காய்ந்து நடு உதிர்ந்து, காயில் நாணயம் அமுங்கியதுபோல் பள்ளம், ஈர நாளில் அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகு. அந்த மெழுகைக் கண்டால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் என்று எடுத்துக்கொள்ளலாம். விதையோடும் பழைய சருகோடும் வரும். சொந்த விதை எடுப்பவர்கள் வடு விழுந்த காயிலிருந்து எடுக்காதீர்கள், அது எவ்வளவு பெரிய காயாக இருந்தாலும். மான்கோசெப் 2 கிராம் போதும். அறுவடைக்குப்பின் கொடியை வரப்பில் குவிக்காமல் எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள்.

அறிகுறி 5: கொடி வாடுகிறது

மருந்து ஊற்றுமுன் கீழே உள்ள சோதனைகளை இதே வரிசையில் செய்யுங்கள். முன்னதை முடிக்காமல் பின்னதற்குத் தாவாதீர்கள்.

*மாலையில் நிமிர்கிறதா?* எல்லாக் கொடியும் பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயில். தடத்தில் வாழைச் சருகு பரப்புங்கள், முடிந்தது.

*மண் என்ன சொல்கிறது?* நெல் வயல் களிமண்ணில் மேலே காய்ந்தும் ஒரு சாண் கீழே சேறாகவும் இருக்கும். கொடி வாடுகிறது என்று மேலும் தண்ணீர் விட்டால் வேர் மூச்சு முட்டிச் சாகும். கையை விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். வயலைச் சுற்றி ஒரு அடி வாய்க்கால் வெட்டாமல் வெள்ளரி போடவே கூடாது என்பது என் கட்சி.

*வேர்:* வாடிய ஒரு கொடியை இழுக்காமல், மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசுங்கள். வேரில் பாசிமணி கோத்ததுபோல் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. துளை இருந்தால் செம்பூசணி வண்டின் புழு.

*தண்டின் அடி:* தரையை ஒட்டிய இடத்தில் தேன் நிறப் பிசின் கசிந்து, பட்டை வெடித்து, பூதக்கண்ணாடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் பிசின் தண்டு வாடல். ஒன்றிரண்டு கொடிதான் என்றால் பிடுங்கி அகற்றிவிட்டு, மற்றவற்றுக்கு அடித்தண்டு நனைய மான்கோசெப். அடித்தண்டைச் சுற்றி வெள்ளை விசிறிபோல் பூஞ்சையும் கடுகு கடுகாக உருண்டையும் இருந்தால் வேறு ஆள். அது ஸ்கிளிரோஷியம் என்ற மண் பூஞ்சை. அந்தக் கடுகுதான் மண்ணில் காத்துக் கிடக்கும் அதன் வித்து, ஆகவே கொடியோடு சுற்றியுள்ள ஒரு கூடை மண்ணையும் சேர்த்து அள்ளி வெளியே கொண்டுபோங்கள்.

*தண்டின் உள்:* மேலே எதுவும் இல்லை என்றால் அடித்தண்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளவுங்கள். நல்ல தண்டு உள்ளே வெளிர்பச்சை. பழுப்பு நூல் நூலாக ஓடியிருந்தால் ஃபியூசேரியம் வாடல்.

*டம்ளர்:* பிளந்த தண்டின் ஒரு துண்டைத் தண்ணீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா. வெள்ளரியில் அரிதுதான், ஆனால் முன்பு கத்தரியோ இஞ்சியோ வாடிய நிலமானால் பார்த்துவிடுவது நல்லது.

ஃபியூசேரியம் என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாடிய கொடியை எழுப்பும் மருந்து இல்லை. கார்பென்டசிம் ஊற்றுங்கள் என்று கடையில் சொல்வார்கள். நான் ஊற்றியும் பார்த்தேன், ஊற்றாமலும் பார்த்தேன், வாடிய கொடிக்கு வித்தியாசம் இல்லை. அந்தப் பூஞ்சை மண்ணில் பல ஆண்டு இருக்கும். வாடியதை அகற்றி, மீதிக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தி இந்த ஆண்டை ஒப்பேற்றுங்கள். அடுத்த முறை விதைக்கும் முன் ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை நூறு கிலோ மட்கிய சாணத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி இரண்டு வாரம் வைத்துத் தடத்துக்கு இடுங்கள். அதைவிட, நெல் போட்டு நீர் தேக்கிய வயலுக்கு இடம் மாறுங்கள். விளையிலேயே வருடா வருடம் போடுகிறவர்களுக்குத்தான் இந்த வாடல் அதிகம் வருகிறது என்பது என் கண்ணறிவு.

அறிகுறி 6: காய் அழுகுகிறது

பிஞ்சா, காயா?

*பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்கிறது:* பெரும்பாலும் நோயே இல்லை, மகரந்தம் சேரவில்லை. காலையில் வண்டு, தேனீ வரும் நேரத்தில் மருந்து அடித்தீர்களா என்று உங்களையே கேளுங்கள். ஆண்பூவைப் பறித்து, இதழை மடக்கி, பெண்பூவின் நடுவில் தொட்டுவிட்டால் போதும். ஒன்பது மணிக்குள் செய்யுங்கள்.

*பூ முனையில் அழுகி, குண்டூசி நட்டதுபோல் கருந்தலைகள்:* பூவழுகல் பூஞ்சை. மழை நாளில் மத்தனில் வரும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் பாதி குறையும்.

*காயில் ஊசிப் புள்ளி, அதைச் சுற்றிப் பிசின், மெதுமெதுப்பு:* அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈ. பூஞ்சை அதற்குப் பின்னால் வந்த விருந்தாளி. ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் க்யூலூர் பொறி வைத்து, அழுகிய காயை எல்லாம் பொறுக்கி ஆழப் புதையுங்கள். வரப்பில் எறிந்தால் அடுத்த தலைமுறை அங்கிருந்துதான் வரும்.

*தரையில் பட்ட பக்கம் நீர் கோத்து, பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை:* பஞ்சழுகல். கணி வெள்ளரிக்கும் தடியங்காய்க்கும் இதுதான் எமன். கோடை மழை ஒன்று பெய்தால் இரண்டே நாளில் காய் பாதி போய்விடும். மருந்து தேடாதீர்கள். காய்க்குக் கீழே காய்ந்த தென்னை ஓலையை மடித்து வையுங்கள், காய் மண்ணைத் தொடாமல் இருக்கட்டும். விஷுச் சந்தைக்குப் போகும் காயில் ஒரு பக்கம் வெளுத்த வடு இருந்தால் விலை பாதி. ஓலை வைத்த காய்க்கு அந்தக் கவலையும் இல்லை.

அறிகுறி 7: மருந்து அடித்தும் நிற்கவில்லை

மருந்தைக் குறை சொல்லுமுன் வரிசையாகக் கேளுங்கள். எந்தச் சாம்பல் என்று பார்த்தீர்களா? அடிப்புறம் நனைந்ததா? அடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மழை பெய்ததா? மூடியால் அளந்தீர்களா, எடை போட்டீர்களா? 16 லிட்டர் டேங்கில் 10 லிட்டருக்கான மருந்தைப் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டும் திரவம் சேர்க்காமல் அடித்தால் மருந்து வாய்க்காலுக்குத்தான் போகும். இத்தனைக்கும் ‘சரியாகத்தான் செய்தேன்’ என்றால், அதே மருந்தை அளவு கூட்டி மறுபடி அடிக்காமல் வேறு வகைக்கு மாறுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

பிளந்த தண்டில் பழுப்பு ஓடியிருந்தால், டம்ளரில் பால் இறங்கினால், வேர் முடிச்சு மூன்று இடத்துக்கு மேல் தெரிந்தால், இரண்டு வகை மருந்துக்கும் அடங்காமல் ஒரு வாரத்தில் வயலில் கால்பங்கு போய்விட்டால் இனி நம் கை வேலை இல்லை. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம், மேற்கே இருப்பவர்களுக்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. போகமுடியாத நாளில் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 கட்டணமில்லா எண்ணில் தமிழில் கேட்கலாம், கையில் அடித்த மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய தாள் இருக்கட்டும்.

மாதிரி எடுத்துப் போவதிலும் ஒரு முறை உண்டு. முழுவதும் காய்ந்த இலை யாருக்கும் எதுவும் சொல்லாது. பாதி பச்சையும் பாதி புள்ளியுமாக இருக்கும் இலை ஐந்தாறு, அதோடு மண் உதிராத வேரோடு ஒரு முழுக்கொடி. செய்தித்தாளில் சுற்றுங்கள், பாலித்தீன் பையில் வியர்த்து வேறு பூஞ்சை ஏறிவிடும். பறித்த அன்றே கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கொண்டுபோகாதீர்கள், சனி ஞாயிறு மேஜையில் கிடந்து அழுகியபின் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.